பரிவட்டத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை

இந்தச் சிவராத்திரிக்கு என் தலையில் பரிவட்டம் ஏறியே தீரும் என்று சபதம் எடுத்தேன். எடுத்தது குளியலறையில். எங்கள் வீட்டில் நான் சத்தமாகப் பேசக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

காரணம் இருக்கிறது. என் மனைவி அனுசியாவின் பிறந்த வீட்டுக்கு ஒரு குலசாமி உண்டு. சிலமலைப் பக்கம், ஒத்தப்பனைக் கருப்பசாமி. ஒவ்வொரு சிவராத்திரிக்கும் அங்கே போவோம். அவளுடைய அண்ணன் முத்துப்பாண்டிக்குப் பூசாரி பட்டுத் துணியைத் தலையில் கட்டிப் பரிவட்ட மரியாதை செய்வார். ஒலிபெருக்கியில் பெயரை மூன்று தடவை சொல்வார்கள். நான் மாப்பிள்ளை. எனக்குத் தேங்காய் உரிக்கிற சோலி.

சரி, நம் குலசாமியிடம் போய் நாம் மரியாதை வாங்கலாம் என்றால், அது எந்தச் சாமி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பூட்டன் காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தார்களாம். இறங்குகிற அவசரத்தில் சாமியை மறந்துவிட்டார்கள். யாராவது கேட்டால் பழனி இருக்கிற திசையில் பொத்தாம்பொதுவாக ஒரு கும்பிடு போடுவோம். வீட்டில் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் அனுசியா ஒரே இடத்தில்தான் முடிப்பாள்: "கொலசாமி தெரியாத குடும்பத்துல வாக்கப்பட்டா இப்பிடித்தான்." எனக்கு அது நெஞ்சில் குத்தும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே குத்தும்.

அப்போதுதான் அந்த வரைபடம் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மலையை அளந்து போட்ட பழைய சர்வே படம். இப்போது இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. ஓடை, கிணறு, கோயில், ஒற்றையடிப் பாதை, எல்லாம் அதில் உண்டு. நான் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பவன். ஏழு மில்லிமீட்டர் காயையும் எட்டு மில்லிமீட்டர் காயையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்கிற கண். போனில் படத்தைப் பெரிதாக்கித் துழாவினேன். போடிமெட்டுக்குக் கீழே, மலைச்சரிவில், எறும்பு அளவு ஆங்கில எழுத்தில், காட்டூத்துப்பட்டி! எங்கள் குடும்பத்தை ஊரில் 'காட்டூத்தார்' என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கு அங்கே ஏலச்செடியும் குரங்கும்தான் குடியிருக்கின்றன.

"அனுசியா, வெரசா வா! எங்க பூட்டன் ஊரப் பாரு. சுத்தி எத்தன வரப்பு! நெருக்க நெருக்கமா! எம்புட்டு வெள்ளாம பாத்திருக்காரு மனுசன்!"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஏங்க, இது வரப்பு இல்ல. மேடு பள்ளம் காட்டுற கோடு. பள்ளிக்கூடத்துல படிச்சோம்ல? கோடு நெருங்குனா செங்குத்து."

"அப்ப?"

"உங்க பூட்டன் வெள்ளாம பாக்கல. உருண்டுறாமப் பாத்துக்கிட்டாரு, அம்புட்டுத்தான்."

அவமானத்தை விழுங்கிவிட்டு மறுபடியும் படத்தில் இறங்கினேன். காட்டூத்துப்பட்டியிலிருந்து புள்ளி புள்ளியாக ஒரு பாதை. விரலை வைத்துக்கொண்டே வந்தேன். சரிவில் வளைந்தது. ஓடையைத் தாண்டியது. எங்கும் கிளை பிரியாமல் வந்து, சிலமலைப் பக்கம் ஒரு கோயில் குறியில் நின்றது. ஒத்தப்பனைக் கருப்பசாமி!

எழுந்து நின்றுவிட்டேன்.

"மலைமேல இருக்கவன் மெனக்கெட்டு இம்புட்டுத் தூரம் நடந்து வந்து கும்பிட்டுருக்கான்னா, அது யாரு சாமி? எங்க சாமி! உங்க அண்ணன் பரிவட்டத்துல எனக்கும் பாத்தியத இருக்கு!"

சண்டைக்கு வருவாள் என்று ஒரு அடி பின்னால் போனேன். வரவில்லை.

"அப்ப நீங்களும் நாங்களும் ஒரே கொலசாமியா?"

"ஒரே கொலசாமி!"

"உறுதியாத்தான?"

"சர்வே போட்டவன் பொய் சொல்லுவானா?"

"அப்பச் சரி. போன்ல காட்டுனா எடுபடாது. பிளக்சு அடிச்சிருங்க. எழுத்தப் பெருசாப் போடச் சொல்லுங்க."

மனைவி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டால் புத்தியுள்ளவன் உட்கார்ந்து யோசிப்பான். நான் பிளக்ஸ் கடைக்கு ஓடினேன்.

சிவராத்திரி அன்று சாயங்காலம் கோயில் வாசலில் என் பிளக்ஸ் ஏறியது. நடுவில் வரைபடம். ஓரத்தில் கைகூப்பியபடி நான். 'ஒரே பாதை! ஒரே சாமி!' மைக்கை வாங்கி, காட்டூத்துப்பட்டியில் ஆரம்பித்து ஓடை ஓடையாக விளக்கினேன். முத்துப்பாண்டி சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருசமாத் தெரியாமப் போச்சே, பங்காளி!"

பூசாரி பட்டுத் துணியை எடுத்தார். அது என் நெற்றியைத் தொட்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது அனுசியா பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்து முத்துப்பாண்டி பக்கத்தில் நின்றாள்.

"ஏண்ணே, இவரு நமக்குப் பங்காளின்னா, எனக்கு என்ன மொற வேணும்?"

உறுமி மேளச் சத்தம் நின்றது. முத்துப்பாண்டி யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. ஒரு குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் உடன்பிறந்தாள் முறை. கட்டவே கூடாது. எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்தான். பரிவட்ட ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"அண்ணே!" என்றாள் அனுசியா. இந்தத் தடவை என்னைப் பார்த்து. "துணியக் கட்டி முடிச்சதும் அண்ணன்மாரு ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரு நல்ல எடமாப் பாருங்க."

பெண்கள் பக்கம் குலவையே போட்டுவிட்டார்கள். நான் பரிவட்டத்தை உதறிவிட்டு மைக்கைப் பாய்ந்து பிடித்தேன்.

"பொதுமக்களே! படம் தப்பு! பாத தப்பு! அந்த மலையே தப்பு! எங்க பூட்டன் அந்த வழியாச் சந்தைக்குத்தான் போனாரு. இது எங்க சாமி இல்ல!"

"அப்ப உங்க கொலசாமி எது, மாப்ளே?" என்றார் முத்துப்பாண்டி.

"தெரியாது மச்சான்! எங்க பரம்பரைக்கே தெரியாது!"

நான் கத்தியது பக்கத்து ஊர் பொட்டிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வரும்போது பைக்கில் கேட்டேன்: "ஒனக்கு மொதல்லயே தெரியும்ல?"

"ஒரே கொலசாமின்னு குதிச்சீகளே, அப்பவே தெரியும்."

"வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்ல சொன்னா எங்கிட்ட மட்டும் ஒத்துக்கிருவீக. மறுநா மாத்திப் பேசுவீக. இப்ப மைக்குல ஒத்துக்கிட்டீக. நான் போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன். இனிமே சண்ட வந்தா நான் வாயவே தொறக்க மாட்டேன். பட்டனத் தட்டுவேன்."