மொம்பாசாவில் ஏறிய ஜிகா

பெற்ற தகப்பனைக் கப்பலுக்குள் அடைத்து வைத்தவன் நான். அதுவும் தங்கையைப் பெண் பார்க்க வரும் நாளில். ராயபுரத்தில் எங்கள் தெருவில் சூசை என்ற என் பேர் தெரியாதவர்கள்கூட இந்த விவரத்தைச் சொல்லி வீட்டுக்கு வழி காட்டிவிடுவார்கள். ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நானே ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால், அவரவர் சேர்த்துக்கொண்ட மசாலாவாவது கொஞ்சம் குறையும்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆகவேண்டிய காரியங்களைப் பார்த்துக்கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கப்பலில் ஏறி, கேப்டனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். (வீட்டில் இதை ‘கப்பல் கம்பெனி ஆபீசர்’ என்று சொல்லி வைத்திருந்தேன்.)

ஆனால் என் லட்சியம் வேறு. சானிடரி இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும். எங்கள் தெருவுக்கு அவர் வந்தால் இட்லிக் கடை அம்மா அலறியடித்துக்கொண்டு சட்னிப் பாத்திரத்தை மூடுவதைப் பார்த்து வந்த ஆசை அது. பரீட்சைக்காக மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். கொசுவால் பரவும் நோய்கள் பற்றியது. மலேரியா, யானைக்கால், மஞ்சள் காய்ச்சல் எல்லாம் ஊருக்கே தெரியும். கடைசிப் பக்கத்தில் ஒன்று இருந்தது பாருங்கள், ஜிகா! ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு குரங்கிடம் கண்டுபிடித்தார்களாம். காய்ச்சல், தோலில் தடிப்பு, கண் சிவப்பு. அதற்கு மேல் என்ன ஆகும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கம் கிழிந்து போயிருந்தது. மெட்ராஸிலேயே இந்தப் பேர் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பல நாள் தனியாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மாலை நாலு மணிக்கு என் தங்கை பிலோமினாவைப் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அதற்கு முன்பு வந்த இரண்டு இடம் ஏதேதோ சொல்லித் தட்டிப்போயிருந்ததால், இதையாவது நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் அப்பா அந்தோணி துறைமுகத்தில் விஞ்ச் டிரைவர். கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மணிக்கு ஷிப்டு முடித்துக் குளித்து வேட்டி கட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே போய்விட்டார்.

பத்தரை மணிக்கு நான் ஒரு யுகோஸ்லாவியக் கப்பலில் ஏறினேன். உர மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படியின் மேலே தாடி வைத்த ஒரு மாலுமி நின்றிருந்தார். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு முப்பது சொல் தெரிந்திருக்கும். எனக்கு நாற்பது. அவன், அவர், அது என்ற வம்பெல்லாம் அவரிடம் கிடையாது. பேரை மட்டும் போட்டுப் பேசினார். அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

“கேப்டன் எங்கே?” என்று கேட்டேன்.

“கேப்டன் உள்ளே. ஜிகா பார்க்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன பார்க்க?”

“ஜிகா! மூணு நாள். சாப்பாடு இல்லை. தூக்கம் இல்லை. ஆ... ஆ...” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டினார். (கன்னத்தைக் கவனித்திருக்க வேண்டும். நான் அவர் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.)

“எங்கிருந்து வந்தது இந்த ஜிகா?”

“மொம்பாசா. அங்கே கப்பல் உள்ளே.”

மொம்பாசா! ஆப்பிரிக்கா! புத்தகத்தில் போட்டபடியே!

“வேறு யாருக்காவது கஷ்டம்?”

“எல்லாருக்கும் கஷ்டம். கப்பல் முழுக்க ஜிகாவால் கஷ்டம்,” என்று வயிற்றைத் தடவினார்.

“மொத்தம் எத்தனை ஜிகா?”

அவர் விரலை மடக்கி எண்ணினார். “இன்ஜின் ஒரு ஜிகா. சமையல் ஒரு ஜிகா. மேலே ஆபீசர் ஒரு ஜிகா. மூணு!” சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

இதற்குச் சிரிக்கிறாரே, காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்தேன். அடுத்து நான் செய்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. தொற்று நோய் என்றால் கப்பலில் மஞ்சள் கொடி என்று எங்கோ கேட்டிருந்தேன். “மஞ்சள் கொடி! மேலே!” என்று அந்த மாலுமிக்கு உத்தரவு போட்டேன். என்ன நினைத்தாரோ, தோளைக் குலுக்கிவிட்டுப் போய் ஏற்றினார். நான் தடதடவென்று கீழே ஓடிவந்து, படியருகே இருந்த காவல்காரரிடம், “மேலேயிருந்து ஒருத்தரும் இறங்கக் கூடாது. ஒட்டுவாரொட்டி!” என்றேன். “சரிங்க சார்,” என்று அவர் லத்தியைக் குறுக்கே பிடித்தார். வாழ்க்கையில் முதல் சார்.

பக்கத்து ஷெட்டிலிருந்து துறைமுகச் சுகாதார டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வெளிக்கடலில் நிற்கும் வேறொரு கப்பலுக்குப் படகில் போயிருந்தார். வர நேரமாகும் என்றார்கள். “பரவாயில்லை. அதுவரை யாரும் இறங்காம நான் பார்த்துக்கறேன்,” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கப்பலின் கம்பி ஓரத்தில் நாற்பது தொழிலாளர்கள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், தலையில் துண்டும் உடம்பெல்லாம் வெள்ளை உரத்தூளுமாக, எனக்கு மிகவும் பழக்கமான ஒரு முகம்.

“டேய் சூசை! இன்னாடா பண்ணிகினு கீற அங்க?”

நைனா! அன்றைக்கு அவருக்கு அந்தக் கப்பலில்தான் வேலை என்று எனக்கு எப்படித் தெரியும்?

“நைனா! கைய எதுலயும் வெக்காத! கப்பல்ல ஜிகா கீது!”

“இன்னாது கீது?”

“நோவு, நைனா! காய்ச்சல் வரும், கண்ணு செவக்கும், ஒடம்பு தடிக்கும்!”

இதை நான் சொல்லியிருக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் மேலே பாதிப் பேருக்குக் கண் எரிந்தது. (உரத்தூள் பட்டால் யாருக்கும் எரியும்.) ஒருவர் முதுகைச் சொறிந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் சொறிந்தார். “அந்தோணி அண்ணே, ஒம் புள்ள படிச்சவன், சொன்னா கரீட்டாதான் இருக்கும். எனக்கு இப்பவே ஒருமாரி கீது,” என்று ஒருவர் மூட்டை மேலேயே படுத்துவிட்டார்.

நைனா மட்டும் என்னை உற்றுப் பார்த்தார். “நாலு மணிக்கு மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. அது தெரியும் இல்ல ஒனக்கு?”

“தெரியும், நைனா.”

“ஒங்கம்மாவுக்கு நீ பதில் சொல்லு. என்னால முடியாது.”

இரண்டு மணி ஆனது. ஷிப்டு முடிந்தது. யாரும் இறங்கவில்லை. என் மேனேஜர் ஸ்கூட்டரில் வந்து, “யாரைக் கேட்டுய்யா கொடி ஏத்துன?” என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கியபோது மட்டும் நிறுத்தி நிறுத்தித் திட்டினார். மேலேயிருந்து நைனாவின் தோழர்கள் கொடுத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. நான் அசையவில்லை. நகரத்தையே காப்பாற்றுகிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வெயில் ஏற ஏற, அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பது கண்முன் வந்தது. பிலோமினா ஒரு பச்சைப் புடவையை மூன்று நாளாக மடித்து மடித்துப் பார்த்ததும் வந்தது.

இரண்டே முக்காலுக்கு டாக்டரம்மா வந்தார். கதர்ப் புடவை, கையில் பெட்டி, நிதானமான முகம். முதலில் அண்ணாந்து கொடியைப் பார்த்தார்.

“இது யார் ஏத்தினது?”

“நான்தான் மேடம்,” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“மஞ்சள் கொடி தனியா ஏத்தினா என்ன அர்த்தம் தெரியுமா? ‘என் கப்பல்ல எல்லாரும் ஆரோக்கியமா இருக்காங்க, உள்ளே வர அனுமதி கொடுங்க’ன்னு அர்த்தம்.”

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“சரி, என்ன நோய்?”

“ஜிகா, மேடம். மூணு கேஸ்.”

அவர் புருவம் உயர்ந்தது. “அந்தப் பேரை நானே எப்பவோ ஒரே ஒரு தடவைதான் படிச்சிருக்கேன். உனக்கெப்படித் தெரியும்?” என்றார். எனக்கு ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. அன்றைய தினத்தில் நான் சந்தோஷமாக இருந்த கடைசிக் கணம் அதுதான்.

இருவரும் மேலே போனோம். கேப்டன் வெள்ளைச் சட்டையில், தலை நரைத்த, மரியாதையான மனிதர். நல்ல ஆங்கிலம் பேசினார். டாக்டரம்மா, “உங்கள் கப்பலில் ஜிகா இருப்பதாகச் சொல்கிறார்களே?” என்று கேட்டார்.

“ஆமாம், இருக்கிறார்களே. எந்த ஜிகா வேண்டும்?” என்றார் கேப்டன்.

பிறகு அறைகள் இருந்த நடைவழிப் பக்கம் திரும்பி, “ஜிகா!” என்று ஒரு குரல் கொடுத்தார்.

மூன்று கதவுகள் திறந்தன. மூன்று தலைகள் வெளியே வந்தன. ஒன்று, கரி பூசிய முகமும் பீப்பாய் போன்ற உடம்புமாக இன்ஜின் ரூம்காரர். இன்னொன்று, பாதி முகத்துக்குச் சோப்பு நுரையோடு, கையில் சவரக் கத்தி பிடித்த வழுக்கைத் தலை ஆபீசர். மூன்றாவது, ஒரு கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கி, தாடையைச் சுற்றித் துண்டு கட்டிய சமையல்காரர்.

கேப்டன் விளக்கினார். அவர்கள் ஊர் செர்பியாவில் அது செல்லப்பேராம். மூவருக்கும் முழுப் பேர் வேறு வேறு. ஆரம்பம் மட்டும் ஒன்று. நம்மூரில் ஆரோக்கியசாமியும் ஆரோக்கியதாசும் ஆரோக்கியநாதனும் வீட்டில் ‘ஆரோக்கியம்’ ஆகிவிடுவதில்லையா, அப்படி. கப்பலில் செர்பியாக்காரர்கள் மொத்தமே ஐந்து பேர், அதில் மூன்று பேர் ஜிகா. அவர்கள் மொழியில் அந்த முதல் எழுத்தின் தலையில் சின்னக் கொம்பு ஒன்று உண்டாம், உச்சரிப்பும் கொஞ்சம் வேறாம். நம் காதுக்கு எல்லாமே ஜிதான். சமையல்கார ஜிகா மொம்பாசாவில் புதிதாக வேலைக்கு ஏறியவர். மூன்று நாளாகக் கடைவாய்ப் பல்வலி. சூப்பு கிடையாது, ரொட்டி கரிந்து போகிறது. கப்பல் முழுக்க ஜிகாவால் கஷ்டம்!

டாக்டரம்மா சிரிக்கக் கூடாது என்று பெட்டியை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஒரு கேஸ் உண்மைதான்ப்பா. பல் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போ,” என்றார்.

நாங்கள் கப்பலிலிருந்து இறங்கியபோதே மூன்றே கால். நைனா என் சட்டைக் காலரைப் பிடித்தபோது மூன்றரை. குளிக்க நேரமில்லை, பஸ்ஸுக்கு நேரமில்லை. சமையல்காரரைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போகக் கம்பெனிக் கார் வந்திருந்தது. நைனா யாரையும் கேட்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்தார். “மொதல்ல வூடு, அப்பறம் பல்லு,” என்றார் டிரைவரிடம்.

மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ட காட்சி இது: மாவு மில்லில் விழுந்து எழுந்தவர் போல மாமனார்; காலர் கிழிந்த மைத்துனன்; பின்னாலேயே குனிந்து நுழைந்த, தாடையில் துண்டு கட்டிய ஆறடி வெள்ளைக்காரர். (காரில் இருக்கச் சொல்லியிருந்தோம். அவருக்குப் புரியவில்லை.)

“இவரு யாரு?” என்று மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

“ஜிகா,” என்றார் நைனா. பிறகு பெருமூச்சு விட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மூட்டை மேல் படுத்தவரை, முதுகு சொறிந்தவர்களை, மஞ்சள் கொடியை, மூன்று கதவுகளை. அம்மா பல்வலிக்காரர் கையில் நாலு கிராம்பைத் திணித்துவிட்டு, முடிந்தது கதை என்று சுவரில் சாய்ந்தாள்.

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் சிரிக்கக் கூடாத சிரிப்பு. மூச்சு முட்டி, குக்கர் விசில் மாதிரி கிளம்பி, அடங்காமல் மறுபடி கிளம்பியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார். அவர் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பொண்ண இட்டுகினு வாங்கமா. இவ்ளோ நல்லா சிரிக்கிறாங்களே, மொகத்த பாக்க வாணாமா?” என்றார் மாப்பிள்ளை.

பிலோமினா பச்சைப் புடவையில் கண்ணைத் துடைத்தபடி வந்து நின்றாள். சமையல்கார ஜிகா இது கல்யாணமே என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து மாறி மாறி மூன்று முத்தம் கொடுத்துவிட்டு, வலி தாங்காமல் ஆவென்று அலறினார்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. என் வேலையும் தப்பித்தது. “இனிமே நீ கப்பல் பக்கமே போகாதே,” என்று மேனேஜர் என்னை டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சானிடரி இன்ஸ்பெக்டர் ஆசையை யாரும் என்னிடம் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிலோமினாவுக்கு முதல் பையன் பிறந்தான். கோயிலில் ஞானஸ்நானப் பேர் சேவியர். வீட்டில் வைத்த பேர் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கு அவனுக்கு வழுக்கை விழுந்துவிட்டது, பேர் விழவில்லை.

சில வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் நாளெல்லாம் அந்தக் காய்ச்சலைப் பற்றியே செய்தி. நான் தங்கை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கொசு ஒழிப்புக்கு வந்த சுகாதாரப் பெண் ஒருத்தி வாசலில் நின்று, நோட்டைத் திறந்துகொண்டு, “வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்காம்மா?” என்று கேட்டாள்.

அடுப்படியிலிருந்து பிலோமினா சாவகாசமாகக் குரல் கொடுத்தாள்: “காய்ச்சல்லாம் இல்லம்மா. ஜிகாதான் உள்ள படுத்துகினு கீது!”

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. பேனாவைத் திறந்தாள். காபியைக் கீழே கொட்டிவிட்டு நான் வாசலுக்கு ஓடினேன், அந்த அறுபத்தேழு வயதில்.