ஒரு கண்ணை மூடிப் படித்த மேதை

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட விஷயம் என்ன ஆயிற்று என்று நீங்கள் போன் செய்தபோதெல்லாம் குளித்துக்கொண்டிருந்தவன் நான்தான். நேற்று உங்கள் தங்கை, "இன்னும் எத்தன தடவதான் குளிப்பீங்க? எங்கண்ணனுக்கு நீங்களே எழுதிருங்க, நான் சொல்ல மாட்டேன்" என்று பேனாவை எடுத்து முன்னால் வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

பாப்பா மூன்றரை வயதில் தானாகவே படிக்கிறாள் என்று உங்களிடம் சொன்னேன். அதை நம்பித்தான் நீங்களும் உங்களோடு வேலை பார்த்த தலைமையாசிரியையிடம் சொல்லி வைத்தீர்கள். நான் பொய் சொல்லவில்லை மச்சான், நானே நம்பினேன். உங்கள் தங்கை வேலை விட்டு வரும்வரை பாப்பா நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில்தான் இருப்பாள். நான் உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பேன், அவள் கண் பரிசோதிக்கும் நாற்காலிக்குப் பின்னால் முக்காலியில் இருப்பாள். ஒருநாள் ஒரு பெரியவர் எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்து நாலாவது வரியில் திணற, பின்னாலிருந்து "ட, ப, ர, ம" என்று ஒரு குரல். பெரியவரும் "ஆமா, அதேதான்" என்று சொல்லி, பார்வை நன்றாக இருக்கிறதென்று வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த பலருக்கும் இப்படியே பார்வை நன்றாகிவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன் பொண்ணு இங்க இருந்தா ஒருத்தருக்கும் கண்ணாடி தேவப்படாது போலிருக்கே" என்றார். அவர் குறையாகத்தான் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்றைக்கே திட்டம் போட்டேன். பாலர் வகுப்பு வேண்டாம், ஒன்றாம் வகுப்பும் வேண்டாம், நேராக இரண்டில் சேர்த்துவிடுவது. அதற்கான புத்தகங்களையும் வாங்கிவிட்டேன். பாப்பா புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்ப்பாள். படிப்பில் என்ன ஈடுபாடு என்று நான் பூரித்துப் போவேன். என்ன படிச்சே என்று கேட்டால் "மாடு" என்பாள். சுருக்கிச் சொல்லும் திறமை என்று எடுத்துக்கொண்டேன். தெருவில் எதிரே வந்து சிரித்தவர்களைக் கண்டுகொள்ளாமல் நடந்தாள், ஏதோ யோசனை என்றேன். வாசலில் வந்து நின்ற கேஸ் சிலிண்டர்காரரை "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள், எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிற மனசு என்றேன். உங்கள் தங்கை மட்டும், "ஏங்க, எதுக்கும் ஒரு தடவ கண்ணப் பாத்துருவோமே" என்றாள். நான் சிரித்தேன். கண்ணாடிக் கடைக்காரன் வீட்டில் வந்து கண்ணைப் பற்றிப் பேசுகிறாயே என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தலைமையாசிரியை உங்கள் பேரைச் சொன்னதும் எழுந்து நின்று வரவேற்றார். பாப்பாவைக் கதவுப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, சுவரோரம் போய் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டி, "இது என்னன்னு சொல்லுங்க கண்ணு" என்றார். பாப்பா நிமிர்ந்து நின்றாள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுத்துகளைக் கணீரென்று சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடியும் சொன்னாள். நான் வாயெல்லாம் பல்லாகத் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் அட்டையைத் திருப்பித் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதில் எழுத்தே இல்லை மச்சான். பெரிய யானைப் படம்.

நான் அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "படம் அவளுக்கு ரொம்ப ஈசி மேடம், அதான் இன்ட்ரஸ்ட் இல்ல" என்றேன். அவர் விரல்களை விரித்துக் காட்டி, எத்தனை என்று பாப்பாவிடம் கேட்டார். பாப்பா அறையைக் கடந்து நடந்து வந்து, அவர் கையைப் பிடித்து மூக்குக்கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "மூணு" என்றாள். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன வேல பாக்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் மெதுவாகச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடி போட்டுக் கூட்டி வாங்க, பாலர் வகுப்பில் இடம் வைத்திருக்கிறேன் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார். உங்கள் பேரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டு வந்தேன்.

கடையில் பரிசோதித்துப் பார்த்ததில் இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் நாலு. லென்ஸை நானே தேய்த்து, பிரேமில் நானே பொருத்தினேன். பாப்பாவை அதே முக்காலியில் உட்கார வைத்து மாட்டிவிட்டேன். அவள் சுற்றிப் பார்த்தாள். எதிர்ச்சுவரைக் காட்டி, "அப்பா, அந்த வெள்ளைப் பலகைல என்னமோ எழுதியிருக்குப்பா" என்றாள்.

அதில் எழுத்து இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. வருகிறவர்கள் சொன்னதைக் காதால் கேட்டுத்தான் அத்தனையும் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே போய், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மெஷினைப் போட்டுவிட்டு அழுதேன்.

இனிமேல் எந்தத் திட்டமும் கிடையாது. அவள் பாட்டுக்குப் பாலர் வகுப்பில் களிமண் உருட்டட்டும். தலைமையாசிரியையிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். நீங்களும் என்னை மன்னித்து, குழந்தையை ஆசீர்வதியுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கையில் மாட்டிக்கொண்டிருக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: எழுதி முடித்தபின் ஒன்று தோன்றியது. பலகையையே பார்க்காமல், வெறும் காதால் கேட்டு, அத்தனை வரியையும் ஓர் எழுத்துப் பிசகாமல் மூன்றரை வயதில் ஒப்பித்திருக்கிறாளே, இது சாதாரணக் குழந்தை செய்கிற காரியமா? உங்களுக்குத் தெரிந்த பாட்டு வாத்தியார் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். ஆரம்பப் பாடமெல்லாம் வேண்டாம், நேராகப் பெரிய பாட்டிலிருந்தே தொடங்கலாம். கடிதத்தை உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டிவிட்டேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் காட்டவில்லை, நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.