தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி விஷயமாக

மயிலாப்பூர்,
18-6-99

சிரஞ்சீவி தனபாலனுக்கு அப்பா ராஜரத்தினம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அவ்விடம் எல்லைப் பனிமலையில் நீ இருக்கிற நிலைமை உன் கடிதத்திலேயே தெரிந்துவிட்டதால் சம்பிரதாயத்துக்குக்கூட அதைக் கேட்கவில்லை.

முதலில் என் மானம் போன கதை. நேற்று மாடி வீட்டு சகினாவைப் பார்க்க வந்த விருந்தாளிகள் நாலு பேருக்குத் தையல் மெஷின் எண்ணெய் கலந்த எலுமிச்சை ஜூஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. காரணம் அடியேன். பட்டாளத்தில் உனக்குக் கொடுத்த எண்ணெய்க் குப்பியைப் பள்ளத்தில் தவறவிட்டு, கேட்டால் திட்டுவார்கள் என்று பயந்து, அம்மா தலைக்கு அனுப்பிய தேங்காய் எண்ணெயைத் துப்பாக்கிக்குப் போட்டதாகவும், விடியற்காலைக் குளிரில் துப்பாக்கி போல்ட் இறுகி அசையவே இல்லை, பக்கத்திலிருந்தவன் சுட்டதால் தப்பித்தேன் என்றும் எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. நாலு ஊசி மருந்துக் குப்பியில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், சைக்கிள் கடை கிரீஸ், நம் கடை மெஷின் எண்ணெய் நாலையும் ஊற்றி, சகினா வீட்டு பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். காலையில் பார்த்தால் தேங்காய் எண்ணெய் சாக்பீஸ் ஆகியிருந்தது. மெஷின் எண்ணெய் ஜம்மென்று ஓடியது. ஓடி, மூடி சரியில்லாமல் ஐஸ் தட்டுக்குள்ளேயும் போயிருந்தது.

"அண்ணே, என் வீட்டு பிரிட்ஜு இன்னா உங்க மெஷின் கடையா?" என்றாள் சகினா. விஷயத்தைச் சொன்னதும் எனக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு பாண்டி பஜாரில் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் சுப்பராமனிடம் போனேன். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர்.

"தேங்காண்ணையா? எந்த மடையன் சொன்னான் பையனுக்கு?"

"யாரோ தெரிஞ்சவராம்."

"அவன் கையில கெடைச்சா சொல்லு."

கடையில் எண்ணெய் தீர்ந்தால் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெயில் ஒப்பேற்றுவதும், எந்த மெஷினும் இதுக்கு மசியும் என்று சென்ட்ரலில் உன்னை வண்டி ஏற்றும்போது பெருமை பேசியதும் யாரென்று உனக்கும் எனக்கும் தெரியும். சுப்பராமனிடம் பிரிட்ஜ் பரீட்சையைச் சொன்னேன். "பிரிட்ஜு குளிரெல்லாம் அங்க வெயில் காலம் நைனா" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: போட்டதெல்லாம் போகிற மாதிரி மண்ணெண்ணெயில் கழுவி, ஈரமில்லாமல் நூல் துணியால் துடைக்க வேண்டும். பட்டாளத்தில் தரும் குளிருக்கான எண்ணெய்தான் போட வேண்டும், அதுவும் விரலில் ஒட்டுகிற அளவு. ஜாஸ்தி போட்டால் எந்த எண்ணெயும் இறுகிப்போகும். அது கிடைக்கும் வரை கைகொடுக்கட்டும் என்று மெஷின் எண்ணெய் ரெண்டு குப்பியும் பழைய வேட்டி கிழித்த துணியும் பார்சலாக இதோடு அனுப்புகிறேன்.

அம்மா, "நான் அனுப்பிச்ச எண்ணெ அவனுக்குப் புடிச்சிருந்துச்சாமா?" என்றாள். கடிதத்தில் அந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் படித்துக் காட்டியிருந்தேன். "தலை குளுகுளுன்னு இருக்காம்" என்றேன்.

கபாலீஸ்வரர் உன் கூடவே நிற்கட்டும். சகினா உனக்காகத் துவா செய்வதாகச் சொன்னாள்.

இப்படிக்கு உன் அப்பா,
ராஜரத்தினம்

பி.கு.: பார்சல் வராது. தபாலாபீசில் எண்ணெய் எடுக்க மாட்டார்களாம், துணியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகையால் மேலே எழுதிய எண்ணெய்ப் புராணத்தை விட்டுவிட்டு இன்றைக்கே உன் ஹவில்தாரிடம் போய்க் குப்பி தொலைந்ததைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு, எண்ணெயும் வாங்கிக்கொள். கவுண்டரில் இருந்தவர், "கடுதாசி போய்ச் சேர பன்னெண்டு நாள் ஆவும் பெருசு, அவசரமா?" என்று கேட்டார். அப்படியொன்றும் இல்லை சார் என்று சொல்லி ஸ்டாம்பை ஒட்டினேன். அந்தப் பன்னிரண்டு நாளும் உன் பக்கத்திலேயே சுடுவதற்கு யாராவது இருப்பார்களா என்று அவரிடம் கேட்கவில்லை.