மூன்று வேளைக் குளியல்

“அப்பா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. நான் குளிக்கணும்.”

“பின்பக்கம் போய்க் குளி.”

“அங்க இடமே இல்லப்பா. நான் உள்ள நின்னா வாளி வெளிய நிக்குது. வாளி உள்ள இருந்தா நான் வெளிய நிக்கிறேன்.”

“நாலு வாரம் பொறுத்துக்கோம்மா. உள்ள முப்பது உயிர் இருக்கு.”

கண்ணாடிக் கடைக்காரர் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி போனாள்.

முப்பது உயிர் என்று அவர் சொன்னது ஆர்க்கிட் கன்றுகளை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் அந்தப் பூவைப் பார்த்தார். பச்சை இதழில் கறுப்புப் புள்ளிகள், கீழே குட்டிச் செருப்பு மாதிரி ஒரு கிண்ணம். அன்றிலிருந்து அது மனசைவிட்டுப் போகவில்லை. ஆனால் அபூர்வ வகை. வளர்ந்த செடி ஒன்று வேண்டுமென்றால் கடையை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படியிருக்க, பரிசோதனைக் கூடத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றுகள் ஒரு ஜோடி செருப்பு விலைக்கு முப்பது கிடைக்கும் என்று கேள்விப்பட்டதும் மனிதர் தரையில் நிற்கவில்லை. மூடி போட்ட கண்ணாடிக் குடுவை வந்தது. உள்ளே ஜெல்லியில் வேரை ஊன்றி முப்பது பச்சைப் பொடிசுகள்.

மனைவி குடுவையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

“என்னங்க, கள்ளிச்செடியையே சாகடிச்ச ஆள் நீங்க.”

“அது தண்ணி கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”

“இதுவும் செத்துச்சுன்னா, இனிமே கீரைக்கட்டு தவிர ஒரு இலை இந்த வாசல்படி ஏறக் கூடாது. சொல்லிட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அவருக்கோ, வாழ்க்கையில் ஒரே ஒரு செடியையாவது உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் இந்தப் பூவாக இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கன்றுகளை வெளியே எடுத்து, ஜெல்லியைக் கழுவி, ஈரப்பாசியில் நட்டார். நட்டது மனைவியின் சாப்பாட்டு டப்பாக்களில். மூடிகளில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டார். வெயில் நேராக விழாத ஒரே ஜன்னல் குளியலறையில்தான் இருந்தது. ஆகவே டப்பாக்கள் அங்கே குடியேறின, குடும்பம் பின்பக்கத்துக் கழிவறைக்கு வாளியோடு இடம்பெயர்ந்தது. குழாய்த் தண்ணீரில் கிருமி இருக்குமாம். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைத் தெளிப்பானில் ஊற்றிக்கொண்டு, தினம் காலையில் அவர் மட்டும் உள்ளே போய் வருவார்.

மூன்றாம் நாள் இரண்டு கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன.

அவர் குடுவையோடு வந்த தாளை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ‘முதல் நான்கு வாரம் காற்றில் ஈரம் குறையக் கூடாது’ என்று இருந்தது. இன்னும் நாலு வரி இருந்தது. அவருக்கு இந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

“நீராவி! அதுதான் வேணும்!”

அன்றே குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுப் பெரிய ஹீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டச் சொன்னார். அவர் மாட்டிவிட்டு, “சின்ன வேலை பாக்கி இருக்கு சார், நாளைக்கு வந்து முடிச்சிடுறேன்” என்று போனார். சொன்னபடி மறுநாளே வந்தும் நின்றார். இப்படி ஒரு அதிசயம் நடந்ததை அந்த வீட்டில் யாரும் பாராட்டவில்லை.

“உள்ள போகாதீங்க!” என்று கண்ணாடிக் கடைக்காரர் குறுக்கே விழுந்தார். “உங்க காலணியில எத்தனை வீட்டு அழுக்கு இருக்கு! அதான் மாட்டியாச்சே!”

“இல்ல சார், அது வந்து…”

“எதுவா இருந்தாலும் நாலு வாரம் கழிச்சு வாங்க.”

“சார், நான் சொல்றதை…”

கதவு சாத்தப்பட்டது.

ஹீட்டர் வந்தாயிற்று. யாராவது குளித்தால்தானே நீராவி வரும்? மனைவி ஐந்தே நிமிஷத்தில் குளிக்கிறவள். “மூணு நாளா பின்பக்கம் விரட்டிட்டு இப்ப வந்து குளின்னா? நான் மாட்டேன்” என்று முறுக்கிக்கொண்டாள். மகள் அம்மா கட்சி. அவரோ கடைக்கு ஓட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் இரண்டு நாள் தங்குவதற்காகப் பெட்டியோடு வந்து இறங்கினார். சாதாரணமாக மச்சான் வந்தால் கண்ணாடிக் கடைக்காரருக்கு முதல் நாளே தலைவலி வந்துவிடும். எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுகிற மனிதர். ஆனால் இன்று வாசலுக்கே ஓடிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“வாங்க மச்சான்! களைச்சுப் போய் வந்திருக்கீங்க. நல்லாச் சூடா ஒரு மணி நேரம் குளிங்களேன்!”

மச்சான் திடுக்கிட்டார். “ஒரு மணி நேரமா?”

“புது ஹீட்டர். உங்களுக்காகவே.”

மச்சான் மாப்பிள்ளையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். சரியாக ஒரு மணி நேரம் கழித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கழுத்தெல்லாம் பவுடரோடு வெளியே வந்தார்.

“அப்பப்பா! என்ன சூடு மாப்பிள்ளை! தோலே உரிஞ்சிடும் போல.”

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “சாயங்காலமும் ஒரு தடவை குளிச்சிடுங்க மச்சான்.”

மனைவி அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். “இது எங்க அண்ணன்தானா? சின்ன வயசுல குளிக்கக் கூப்பிட்டா மாமரத்து மேல ஏறி உக்காந்துப்பான்.”

“மனுஷன் திருந்த மாட்டானா? உங்க அண்ணன்னு கூடப் பார்க்காம இப்படிச் சந்தேகப்படுறியே!”

இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. குளியல் மூன்று வேளையாயிற்று. ஐந்தாம் நாள் மச்சான் பெட்டியைக் கட்டினார். மாப்பிள்ளை பெட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“கட்டில்தான் கொஞ்சம் குட்டையா இருக்கு” என்றார் மச்சான்.

பெரிய கட்டில் மச்சானுக்குப் போயிற்று. கணவனும் மனைவியும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அடுத்த வாரம் சாய்வு நாற்காலி போயிற்று. அதற்கடுத்த வாரம் எந்தப் பேச்சிலும் மறுத்துப் பேசும் உரிமை முழுவதும் மச்சானுக்கே போயிற்று. உலகம் தட்டை என்று மச்சான் சொல்லியிருந்தால் கண்ணாடிக் கடைக்காரர், “ஆமாம், ஓரத்துல மட்டும் லேசா வளைவு” என்றிருப்பார்.

“மூணாவது பவுடர் டப்பா காலி” என்றாள் மனைவி.

“குளிக்கிறவங்க பவுடர் போடத்தானே செய்வாங்க.”

“அப்பா, மாமா பக்கத்துல உக்காந்தா ஒரு மாதிரி…” என்று மகள் மூக்கைச் சுளித்தாள்.

“பெரியவங்களை அப்படிச் சொல்லக் கூடாது!”

தினம் காலையில் தெளிப்பானோடு உள்ளே போகும்போது குளியலறைத் தரை பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடக்கும். கண்ணாடிக் கடைக்காரர் பூரித்துப் போவார். அத்தனை நீராவியையும் கன்றுகளே குடித்துவிட்டன! ஜன்னல் எப்போதும் அகலத் திறந்திருக்கும். ஒரு மணி நேரம் வெந்து வருகிறவருக்குக் காற்று வேண்டாமா என்று சாத்தாமல் விட்டுவிடுவார்.

நாலு வாரம் முடிந்த அன்று, கன்றுகளை வளர்த்துக் கொடுத்த பரிசோதனைக் கூடத்துப் பெண்மணியே பார்க்க வந்தாள். குடும்பம் முழுவதும் குளியலறை வாசலில் கூடி நின்றது. அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“இருபத்தெட்டு” என்றாள் அவள். “எல்லாத்துலயும் புது வேர் விட்டிருக்கு. இப்படி நான் பார்த்ததே இல்ல சார்!”

மனைவி குனிந்து ஒரு கன்றை உற்றுப் பார்த்தாள். “அழகாத்தான் இருக்கு” என்று மெதுவாகச் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரருக்குப் பத்து வருஷத்து ஏக்கம் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்து போயிற்று.

“எல்லாம் எங்க மச்சான் புண்ணியம்!” என்று மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு ஏனோ சட்டென்று விட்டு ஓரடி தள்ளி நின்றார். “தினம் மூணு வேளை, வேளைக்கு ஒரு மணி நேரம், கொதிக்கக் கொதிக்க நீராவி!”

அந்தப் பெண்மணியின் சிரிப்பு நின்றது. “நீராவியா? இந்த வகைக்குச் சூடே ஆகாது சார். ஒரு நாள் நீராவி பட்டாலே அழுகிடும். தாள்ல ரெண்டாவது வரியே அதுதானே? குளிர்ச்சி, திறந்த ஜன்னல், நல்ல காற்று. இந்த அறை அப்படித்தானே இருக்கு?”

“இல்லையே… மச்சான், சொல்லுங்களேன்…”

மச்சான் அலமாரிச் சாவி எங்கே என்று அவசரமாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

வாசல் மணி அடித்தது. குழாய் ரிப்பேர்காரர் காலணியை வெளியே கழற்றிவிட்டு, கைப்பையோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“நாலு வாரம் குளிக்காம ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க சார், மன்னிச்சுக்குங்க. ஹீட்டர் மாட்டுன அன்னிக்கு இந்த அறைக்கு வர்ற தண்ணி மொத்தத்தையும் மூடிட்டுப் போனேன், மறுநாள் திறந்து விடலாம்னு வந்தா நீங்க உள்ளயே விடலையே!”