செல் இல்லாத காது

நாலாவது நாள் மாலை பெயின்டர் ஒரு முடிவுக்கு வந்தார். காது கேட்பதற்கான மெஷின் காதிலேயே இருக்கட்டும். ஆனால் உயிரோடு இருக்கக் கூடாது.

நாலு நாளாக அது அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது. குழாய் சொட்டினால் தலைக்குள் சொட்டியது. கீழே சமையலறையில் மருமகளின் வளையல் குலுங்கினால் மாடியில் இவர் பல்லைக் கடித்தார். செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கூரையைப் பிரிப்பதுபோல் இருந்தது. தன் செருப்பு இத்தனை வருஷமும் இப்படியா சத்தம் போட்டது என்று தெரிந்தபோது, பக்கத்து வீட்டாரை நினைத்து அவருக்கு இரக்கமே வந்தது.

"நாலஞ்சு நாள் பொறுத்துக்குங்க மாமா, பழகிடும்" என்றாள் மருமகள். பழகுவதற்குள் பைத்தியம் பிடித்துவிடும் என்பது மாமாவின் கணக்கு.

கழற்றி எறியவும் வழியில்லை. இரண்டு மாதம் முன்பு மாடியிலிருந்து இறங்கும்போது தலை லேசாகச் சுற்றி, கடைசி மூன்று படிகளை ஒரே படியாக இறங்கிவிட்டார். நாற்பது வருஷம் ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் பிரஷ்ஷுமாகச் சாரத்தில் நின்ற மனுஷன். மகன் அன்றே சொல்லிவிட்டான்.

"மெஷினைப் போடுங்க. இன்னொரு தடவை விழுந்தா கீழ் ரூம்தாம்ப்பா. மாடியைப் பூட்டிடுவேன்."

காதுக்கும் காலுக்கும் என்னடா சம்பந்தம் என்று இவர் கேட்டதற்கு, மெஷின் பொருத்திய பெண் பதில் வைத்திருந்தாள். என்ன சொல்கிறார்கள் என்று பிடிப்பதற்கே மூளை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் காலைக் கவனிக்க அதற்கு நேரமிருக்காது. போதாததற்கு, நிலை தவறாமல் நிற்க வைக்கும் உறுப்பே காதுக்குள்தான் இருக்கிறது என்றாள். அதன்பிறகு மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் பராமரிப்பைப் பற்றி நிறையச் சொன்னாள். மெஷின் அவள் கையில் இருந்ததால் இவருக்கு அதில் ஒன்றும் கேட்கவில்லை. புரிந்த முகத்தோடு மூன்று தடவை தலையாட்டிவிட்டு வந்தார்.

கீழ் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதுதான் விஷயம். சாரம் ஏறுவதை விட்டபிறகு அவர் மாடி அறையில் உட்கார்ந்து மகனின் வேலைகளுக்கு நிறம் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய சுவரின் சில்லோ, திரைச்சீலைத் துண்டோ, எதைக் கொண்டுவந்தாலும் அதே நிறத்தை வாளியில் வரவழைத்துவிடுவார். ட்யூப் லைட்டில் கலந்த நிறம் வெயிலில் பல்லை இளிக்கும். கீழ் அறைக்குப் போனால் அவர் வீட்டில் இருப்பார். வேலையில் இருக்க மாட்டார்.

ஆகவே அந்த மாலை மெஷின் டப்பாவைத் திறந்து ஆராய்ந்தார். மூடியின் உள்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வில்லை பதிந்திருந்தது. இதுதான் மெஷினை ஓட்டும் பேட்டரி செல் என்று பிடித்துவிட்டார். சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரவு டப்பாவை வாங்கி வைப்பதும், காலையில் பச்சை விளக்கைப் பார்த்து எடுத்துத் தருவதும் மருமகளின் பொறுப்பு. அவள் எதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை குழாய் வாயை மூடிக்கொண்டிருந்தது. வளையல் அடங்கியிருந்தது. செய்தித்தாள் செய்தித்தாளாகவே புரண்டது. மெஷின் செத்துப்போனதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

அதைவிட ஆச்சரியம், வீட்டில் பேசுவதெல்லாம் புரிந்தது. காப்பி குடித்தபடி இதற்கான காரணத்தையும் கண்டுபிடித்தார். காதில் மெஷினைப் பார்த்ததும் எல்லாரும் இவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள். அப்படியானால் மெஷின் காதுக்கு இல்லை, எதிரில் நிற்பவர்களுக்கு. 'சாலையில் வேலை நடக்கிறது' என்று பலகை வைப்பதில்லையா, அந்த மாதிரி. பலகைக்கு எதற்குச் செல்?

கால்கூட நிதானப்பட்டது. கைப்பிடியைத் தொடாமல் பதினான்கு படியும் இறங்கினார். மன நிம்மதிதான் காரணம் என்று முடிவு கட்டினார்.

மகன் பார்த்தவர்களிடமெல்லாம் மெஷினைப் புகழ, மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் மாடியேறி வந்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி ஊதியே காதைத் தொலைத்தவர். நடையும் இப்போது ஓடும் பஸ்ஸில் நிற்பது போலத்தான்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. போட்டுக்கலாமா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்கார வச்சுச் சோதிப்பாங்களாமே."

கேட்டவர் கண்ணில் பயம் இருந்தது. பெயின்டரால் பொய் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் குனிந்து, மெஷின் செத்த கதையையும் பலகைத் தத்துவத்தையும் முழுசாகச் சொன்னார். கண்டக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் ஒரு பலகை வேண்டும்.

அரை மணி நேரத்தில் பெயின்டர் அதைச் செய்து கொடுத்தார். சுவர் ஓட்டை அடைக்கும் பட்டியைக் காதுக்குப் பின்னால் உட்காரும் வளைவில் உருட்டிக் காயவைத்து, காவியில் மஞ்சளும் துளி கறுப்பும் கலந்து கண்டக்டரின் தோல் நிறத்தை அச்சாக வரவழைத்தார். பக்கத்தில் நின்று பார்த்தாலும் அசல்தான்.

மூன்று நாள் கண்டக்டர் வீட்டில் ஒரே சுகம். மனைவி முகம் பார்த்துப் பேசினாள். நாலாம் நாள், அவருக்குத்தான் மெஷின் இருக்கிறதே என்ற தைரியத்தில் சமையலறையிலிருந்து பேசத் தொடங்கினாள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து. அப்புறம் குளியலறையிலிருந்து.

"மெஷின் போட்டும் காதுல விழலையா, இல்ல வேணும்னே பண்றீங்களா?"

பழைய நாளில் செவிடர் என்ற சலுகையாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. கண்டக்டர் மறுபடி மாடியேறினார். பெயின்டர் யோசித்து இன்னொரு காதுக்கும் ஒன்று செய்து கொடுத்தார். மனைவி இரண்டு மெஷினுக்கு உண்டான பதிலை எதிர்பார்த்தாள்.

தன் வீட்டில் மட்டும் ஏன் யாரும் பழைய பழக்கத்துக்குத் திரும்பவில்லை என்று பெயின்டருக்கு ஒரு சின்னக் குழப்பம். மருமகளை வளர்த்த விதம் அப்படி என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் விபரீதம் நடந்தது. வாசல் படியைக் கழுவிவிட்ட கண்டக்டரின் மனைவி, ஈரம், பார்த்து வாங்க என்று உள்ளேயிருந்து இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு காதிலும் பட்டியோடு கண்டக்டர் கம்பீரமாகக் கால் வைத்தார். நல்ல வேளை, எலும்பு தப்பியது. கணுக்கால் மட்டும் தேங்காய் அளவுக்கு வீங்கியது.

வீக்கம் வடிந்த பிறகு அந்த அம்மாள் தீர்ப்புச் சொன்னாள். மெஷின் கோளாறு. வாங்கின இடத்துக்குப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும். எங்கே வாங்கியது என்றதற்குக் கண்டக்டர் பெயின்டர் பக்கம் கையைக் காட்டினார். அதே கடை என்று அவளே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். பெயின்டரின் மகனுடைய வேனில் எல்லாரும் கிளம்பினார்கள். வாளிகளுக்கு நடுவே இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மெஷின் பொருத்தும் பெண் கண்டக்டரின் காதிலிருந்து ஒன்றை எடுத்தாள். நகத்தால் சுரண்டினாள். அவள் விரலெல்லாம் மாவு.

"ஷேட் பிரமாதம்" என்றாள்.

அந்த அம்மாளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அதன்பின் அவள் கணவரைப் பார்த்த பார்வையில் கண்டக்டர் நாற்காலியோடு சிறுத்துப்போனார். அடிபட்டவரையே அடிப்பதைப் பெயின்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவரை ஒண்ணும் சொல்லாதேம்மா. செஞ்சு கொடுத்தது நான்" என்றார். அதோடு நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளை வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என்னோடதும் டூப்புதான். செல்லை நானே கழட்டிட்டேன். எல்லாரும் மூஞ்சியைப் பாத்துப் பேசினதாலதான் இத்தனை நாள் சமாளிச்சேன்."

மகன் வில்லையைப் பார்த்தான், அப்பாவின் கால்களைப் பார்த்தான். மாடிக் கதவின் பூட்டுச் சாவி அவன் சட்டைப் பையில் ஏறிவிட்டது போலவே பெயின்டருக்குத் தோன்றியது. ஜன்னலோரத்து வாளிகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக மூடி வைத்தார்.

அந்தப் பெண் வில்லையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள். மூலைத் தொட்டியில் குழாயைத் திறந்து விரலில் ஒட்டிய பட்டியைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.

"இதை எடுத்து எத்தனை நாளாச்சு ஐயா?"

"இருபத்திரண்டு நாள்."

"அதுக்கப்புறம் படியில தடுமாறினீங்களா?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"ராத்திரி டப்பாவை யாரு சார்ஜ்ல போடறது?"

"மருமகதான் எங்கேயோ வைப்பா. செல்லே இல்லாத டப்பாவுக்கு என்ன சார்ஜ்?" என்றார் பெயின்டர் சலிப்போடு.

அவள் குழாயை மூடவில்லை, திரும்பவும் இல்லை.

"அது செல் இல்லைங்க ஐயா, டப்பாவுல ஈரம் இழுக்கிற மாத்திரை. மெஷின் இத்தனை நாளும் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. இல்லைன்னா, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இந்தக் குழாயடியில நான் முணுமுணுக்கறதுக்கெல்லாம் எப்படி பதில் சொல்றீங்க?"