விற்ற லேப்டாப் திரும்பப் பெறப்படமாட்டாது

பகல்கனவு காண்பவர்கள் எல்லாம் சாதுக்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். நானும் அந்த ரகம்தான். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த பிறகுதான் அடுப்படியில் நிற்கிறோம் என்பது எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் நல்ல கனவின் நடுவில் யாராவது தட்டி எழுப்பினால் எனக்கு வருகிற கோபம் எப்படிப்பட்டது என்பதை ஓசூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையே எழுந்து நின்று சாட்சி சொல்லும்.

இன்றைக்கும் அந்தத் தெருப் பக்கம் போக நேர்ந்தால் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். (ஏம்மா என்று மகள் கேட்டால் பல்வலி என்பேன். அவளும் நம்பியதுபோல் நடிப்பாள்.)

நான் பிறந்த ஊர் கல்லாவி. கணக்கில் பட்டம், மேலே ஒரு பி.எட். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். வெயிலில் காய்ந்து வளர்ந்தவளுக்கு இந்த ஊரின் காலைப் பனியும் திடீர்த் தூறலும் கனவு காண்பதற்கென்றே செய்து கொடுத்தது மாதிரி இருந்தன. மகளுக்கு ஷூ மாட்டிவிட்டு, கணவரைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் ஓரம் காபியோடு உட்கார்ந்தால் பனிக்குள்ளிருந்து ஒரு வகுப்பறை மெல்ல எழுந்து வரும். பெஞ்சு, பிள்ளைகள், கரும்பலகை, சாக்பீஸோடு நான். பிறகு குக்கர் விசில் அடிக்கும். வகுப்பு கலைந்துவிடும்.

என் கணவர் செல்வம் விருதுநகர்ப் பக்கம். இங்கே ஒரு தொழிற்சாலையில் வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து வாங்கும் பிரிவில் இருக்கிறார். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் 'ரிஜெக்ட்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். சட்டைப் பையில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும். வீட்டில் நான் சுட்ட தோசையைக்கூட ஓரம் தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். (சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் தைரியம் இதுவரை வரவில்லை.)

அப்படியிருக்கும்போதுதான் ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. திங்கட்கிழமை காலை மாதிரி வகுப்பு. அதில் தேறினால் வேலை. மகள் பிறந்ததிலிருந்து 'என்ன பண்றீங்க' என்று யார் கேட்டாலும் 'சும்மாதான் இருக்கேன்' என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே தடித்துப் போயிருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். மற்றவர்களுக்குக் கோயில் கட்டுவது எப்படியோ, அப்படி வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து லேப்டாப் வாங்கினோம்.

ஓசூரில் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை ஆயுத பூஜை. அன்றைக்குச் சந்தனம், குங்குமம் வாங்காத இயந்திரம் இந்த ஊரில் இல்லை. லேத் மெஷின், கிரேன், கேன்டீன் கிரைண்டர், கேட்டில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் நெற்றி உண்டு, நெற்றிக்குப் பொட்டு உண்டு. எங்கள் வீட்டில் மிக்ஸிகூடப் பொட்டு வைத்துக்கொள்ளாமல் சட்னி அரைத்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் என் வாழ்க்கையின் முதல் ஆயுதம் வந்திருக்கிறது, சும்மா விடுவோமா? நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் மல்லிகை சாத்தி, சூடம் காட்டினேன். கணவர் ஒரு படி மேலே போனார். புதுவண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதுபோல அதன் நான்கு ரப்பர் காலுக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, 'ஏத்து' என்றார்.

"எப்படிங்க ஏத்தறது? இது வண்டியா?" என்றேன்.

"லேசா முன்னால தள்ளுட்டி."

தள்ளினேன். பழங்கள் உருண்டன. என் எதிர்காலமும் மேஜையை விட்டு உருளப் போனது. மகள் மதி பாய்ந்து பிடித்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு இருக்கிற புத்தி எங்களுக்கு இல்லை என்பது அங்கேயே நிரூபணமாகிவிட்டது.

மறுநாள் காலை ஈரத்துணியால் பட்டும் படாமல் துடைத்தேன். சாமிக்கு வைத்த பொட்டை அழுத்தித் துடைக்க மனசு வரவில்லை. பிறகு லேப்டாப்பை ஆன் செய்து கேமராவைப் போட்டேன்.

அதில் தெரிந்தது நான்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முகமெல்லாம் பொன்னிறம். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைக் காணோம். பின்னால் காய்ந்துகொண்டிருந்த துணிகள்கூட அந்தி வானத்து மேகம்போல மிதந்தன. விலை கூடின கேமரா என்றால் இதுதான் என்று சொக்கிப்போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொன்முகத்தைப் பார்த்தபடியே நான் பிரபலமாகி, ஊர் ஊராகப் பிள்ளைகள் 'டீச்சர் டீச்சர்' என்று அழைக்க, என்னைப் பேட்டி எடுக்க வந்தவர்களுக்குக் காபி போடும்படி கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து தங்கை வீடியோவில் வந்து கலைத்தாள்.

"என்னாக்கா, அங்க அதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சா?"

"காலை பத்து மணிடி."

"அப்ப ஏன் சாமி படம் மாதிரி இருக்கற?"

அவளுக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் சோதனைக்காக வீடியோவில் பார்த்தார். நான் என் வெள்ளைப் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து காட்டினேன். அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். "மேடம், அது என்ன, மாம்பழமா?" என்றார். பிறகு, "உங்க கேமரா டிஃபெக்ட் போல இருக்கு. கடையில குடுத்து மாத்திடுங்க. நாளைக்கு இப்படி வந்தீங்கன்னா செலக்ட் பண்றது கஷ்டம்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. கணவர் அலுங்காமல் திரையில் படத்தை மட்டும் பார்த்து, "லென்ஸ் கோட்டிங்ல குறை. பீஸைப் பார்க்கவே வேண்டாம். நான் டெய்லி இதுலதான கெடக்கேன். வா, நான் பேசுதேன்" என்றார். பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போருக்குப் போகிறவர்போல ஸ்கூட்டரை உதைத்தார்.

கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கல்லாவுக்கு மேலே தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' அதன் கீழே மேனேஜர். பளிச்சென்ற சட்டை, அதைவிடப் பளிச்சென்ற புன்னகை.

"பெட்டியைத் திறந்துட்டீங்களாக்கா?"

"திறந்தாத்தானுங்களே உள்ள இருக்கறது தெரியும்?"

"திறந்தா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்க்கா. பாலிசி."

"சரி, திறக்காமயே கேமரா கெட்டிருக்குன்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

"திறக்காத பெட்டியில கேமரா கெட்டிருக்குன்னு யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதே இல்லைக்கா."

இந்தத் தர்க்கமெல்லாம் பி.எட். படிப்பில் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்தாவது பாருங்கள் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொட்டா நாங்க ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்க்கா. சர்வீஸ் சென்டர் பெங்களூர்ல இருக்கு. குடுத்தா ரெண்டு வாரத்துல வந்துடும்."

"எனக்கு நாளைக்குக் காலைல வேலைங்க!"

"பாலிசி அக்கா."

அந்தப் புன்னகை மாறவே இல்லை. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. கோபம் வந்தால் எனக்குத் தமிழ் தானாக வரும். "ஏங்க, பொண்ணு பார்க்க வந்தாகூட ஒரு தரம் நிமிர்ந்து முகத்தைக் காட்டுவாங்க. உங்க கடையில பெட்டியோட தாலி கட்டிட்டுப் போவணுமா?" என்று தொடங்கினேன். சும்மா இருந்த வருஷங்கள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பி வந்தது, சொந்தக்காரர்கள் 'படிச்சு என்னாத்துக்கு' என்றது, எல்லாவற்றையும் அந்த மனிதர் தலையில் கொட்டினேன். பிறகு கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. அத்திப்பள்ளியிலிருந்து வந்த ஒரு அம்மாள், "அய்யோ பாப, கொட்பிடி சார்" என்று கொடுத்துவிடச் சொல்லிக் கன்னடத்தில் சிபாரிசு செய்தார். பிரிண்டர் வாங்க வந்த வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் மீசையை நீவிக்கொண்டு, தெலுங்கும் தமிழுமாக, "இச்சேயண்டி சார், குடுத்துடுங்க. பொம்பளப்புள்ள கண்ணு கலங்குது. எங்க மண்டியிலயே அழுகின காய்க்கு மறுகாய் குடுக்கறோம்" என்றார். மூன்று மொழியும் எனக்காகப் பேசியதில் எனக்கே மெய்சிலிர்த்தது. எதிரே கண்ணாடிக் கதவுக்கு வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் கட்சி ஆரம்பிக்கும் வரைக்கும் யோசித்துவிட்டேன்.

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு வந்தபோது புன்னகை இல்லை.

"மாத்திக் குடுக்கச் சொல்லிட்டாருக்கா. எங்க கடையில இதான் முதல் தடவை. குறையை மட்டும் ஒரு வீடியோ எடுத்துக்கறோம். கம்பெனிக்கு அனுப்பணும்."

கூட்டம் கைதட்டியது. லேப்டாப்பைக் கல்லா மேல் திறந்து வைத்துக் கேமராவைப் போட்டார்கள். எல்லோரும் எட்டிப் பார்க்க, எல்லோரும் பொன்னிறமாக மிதந்தோம். மேனேஜர்கூட அதில் ஏதோ மகான்போல இருந்தார். மாந்தோப்புக்காரர் தன் மீசையை ரசித்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்குது! கல்யாண வீடியோ கணக்கா" என்றார்.

"நல்லா இருக்கிறதுதான் குறை" என்று என் கணவர் நடுவில் நுழைந்தார். இதுவரை அவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, "கோட்டிங் எங்கன உரிஞ்சிருக்குன்னு காட்டுதேன், வீடியோ எடுங்க" என்று திரைக்கு மேலே நடுவில் இருந்த அந்தக் கேமராப் புள்ளியிடம் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. கண்ணாடியை விலக்கினார். மூக்கைக் கொண்டுபோனார். முகர்ந்தார்.

எனக்கு அந்த நொடியில் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. லேப்டாப்புக்கு முகம் எது, திரை. முகத்துக்கு நெற்றி எது, மேலே நடுவில். நெற்றியில் நான் என்ன வைத்தேன்?

"சந்தனம்," என்றார் கணவர்.

அவர் அப்போது கண்ணடித்திருக்கலாம். இருமியிருக்கலாம். கர்சீப்பை எடுத்து ஒரு துடை துடைத்திருக்கலாம். புதிதாக ஒரு லேப்டாப்போ, பழையதோ, கௌரவமாக வீடு வந்து சேர்ந்திருப்போம். ஆனால் தினம் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுகிற கை அது. தொழில் தர்மம் தலைக்கேறிவிட்டது. நிமிர்ந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி, "சார், இது கஸ்டமர் மிஸ்டேக். மாத்திக் குடுக்காதீங்க. நானா இருந்தாலும் ரிஜெக்ட்தான் பண்ணியிருப்பேன்" என்றார்.

கட்டின புருஷன்! மூன்று மொழிக் கூட்டணி முப்பது விநாடியில் கலைந்தது. கன்னடத்து அம்மாள் திடீரென்று பென்டிரைவ் விலை கேட்கத் தொடங்கினார். நான் துப்பட்டா நுனியை நாக்கில் தொட்டு அந்தப் புள்ளியை அழுத்தித் துடைத்தேன். பனி விலகியதுபோலத் திரை தெளிந்தது. கருவளையம், கலைந்த தலை, சிவந்த மூக்கு, பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கும் ஒரு கடை. துணி துவைத்துப் பிழிந்ததுபோல அவ்வளவு துல்லியம். நல்ல கேமராதான்.

மேனேஜரின் புன்னகை திரும்ப வந்திருந்தது. ஒரு சின்னத் துடைப்புத் துணியை என் கையில் வைத்தார். "இது ஃப்ரீக்கா. வேணும்னா இதைத் திருப்பிக்கூடக் குடுக்கலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தூறலில் நனைந்துகொண்டே, "கேமரா நல்லாருக்குல்லா? அப்புறம் என்ன?" என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த தோசையின் அடிப்பக்கத்தை அவர் தூக்கிப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை கருவளையத்தோடும் கலைந்த தலையோடும் உட்கார்ந்து முக்கோணம் வரைந்தேன். அது முக்கோணமாகவே தெரிந்தது. வேலை கிடைத்தது. அழைப்பு வந்ததும் அடுப்படிக்குப் போய், குக்கர் விசில் அடிக்க அடிக்க, நன்றாக அழுதேன். இன்றுவரை பாடம் நடத்துகிறேன். யாராவது 'என்ன பண்றீங்க' என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

கடையில் என் ஞாபகார்த்தமாக அந்தப் பலகையில் ஒரு வரி கூடியிருப்பதாக மதி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: 'பூஜை போட்ட பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' மூன்று மொழியிலும் இருக்கிறதாம்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு வரி கூடியிருக்கிறது. போன மாதம் கணவர் சூளகிரிப் பக்கம் ஒரு மனையைப் பார்த்துவிட்டு, "எதிர்ல ஏரி வருதாம், பின்னால ரோடு வருதாம், தங்கமான இடம்" என்று கண் சொருக வந்தார். மதி வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அப்பா, பொட்டைத் துடைச்சிட்டு இன்னொரு வாட்டி பாருங்க."

அவர் மறுநாள் போய்ப் பார்த்தார். வெறும் பாறை. அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தங்கை வீடியோவில் கூப்பிடும்போது மட்டும், யாரும் பார்க்காத நேரம், மோதிரவிரலால் ஒரு துளி சந்தனம் எடுத்து லேப்டாப் நெற்றியில் லேசாகத் தடவிவிடுகிறேன். "எப்படிக்கா வயசே ஏற மாட்டேங்குது உனக்கு?" என்கிறாள். ஓசூர்க் கிளைமேட் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.