பீரோவுக்குப் பயந்து வந்த தொண்டைவலி

ஞாயித்துக்கிழமை பீரோ தூக்கப் போறதில்லைன்னு பைண்டர் சனிக்கிழமை மத்தியானமே முடிவு பண்ணிட்டாரு. காகிதக் கட்டை வெட்டற மாதிரி ஒரே வெட்டு முடிவு. மச்சினி வீடு மாத்துறா. மூணு மாடி, லிஃப்ட் கிடையாது, பீரோ இரும்பு. அதே ஞாயித்துக்கிழமை டிவியில கால்பந்து பைனல். மனுஷன் என்ன பண்ணுவாரு, நீங்களே சொல்லுங்க.

புஸ்தகம் தைக்கறதுல அவர் கை தங்கம். பொய் தைச்சாத்தான் நூல் வெளியில தெரியும். போன வருஷம் இடுப்பு பிடிச்சிருச்சுன்னு படுத்துக் கிடந்தவரு, தெருவுல பந்து உருண்டு வந்ததும் ஓடிப்போய் எட்டி உதைச்சாரு. அது கிடக்கட்டும்.

அவர் சம்சாரத்துக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணையில வேலை. முட்டையை ஒவ்வொண்ணா விளக்குக்கு நேரா பிடிச்சு, உள்ள உயிர் இருக்கா இல்லையான்னு சொல்லணும். மெஷின்ல வெச்ச அன்னிக்கே பார்த்தா எல்லா முட்டையும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். ஏழாம் நாள் பார்த்தா உள்ள சிவப்பு நரம்பு பளிச்சுன்னு ஓடுமாம். புதுசா வந்த மேனேஜர் ஒருத்தர் மறுநாளே பார்த்துட்டு, எல்லாம் கூமுட்டை, கொட்டுன்னாரு. முன்னூறு முட்டை. இவ கொட்டாம பின்னாடி தட்டுல நகர்த்தி வெச்சுட்டா. மூணு வாரம் கழிச்சு இருநூத்தி எழுபது குஞ்சு மேனேஜர் காலைச் சுத்துச்சு. அப்புறம் அவர் இவளைக் கேக்காம தும்மறதுகூட இல்லை. எங்க விட்டேன்? பைண்டர்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசல்லயே நின்னுட்டாரு. பட்டறையில பசை தடவுற ஆளுக்கு வைரஸ் காய்ச்சலாம், டெஸ்ட்ல வந்திருச்சாம், இன்னிக்கு மத்தியானம்தான் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல சாப்பிட்டாங்களாம். சொல்லிட்டு ரெண்டு இருமல்.

"இருமல் எப்பலேருந்துங்க?"

"இப்பதான். தொண்டையும் வலிக்குது."

"மத்தியானம் ஒட்டினது சாயங்காலமே இருமாதுங்க. உள்ள போய்ப் பெருகணும். ரெண்டு மூணு நாளாவது ஆகும், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். அப்ப இது முன்னாடியே எங்கயோ பிடிச்சது. வாங்க, இப்பவே டெஸ்ட் பண்ணிருவோம்."

டெஸ்ட்டுன்னதும் தொண்டை சரியாயிருச்சு. "இல்ல இல்ல, பட்டறைத் தூசி போல."

"நல்லதாப் போச்சு. அப்ப இன்னிக்குப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, உள்ள இருந்தாலும் காட்டாது. அஞ்சாம் நாள், வியாழக்கிழமை பார்ப்போம். அதுவரைக்கும் நீங்க உள் ரூம்."

பீரோகிட்டேருந்து தப்பிச்சோம்னு குஷியா போய்க் கதவைச் சாத்தினாரு. சாத்தினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, டிவி ஹால்ல.

மறுநாள் அவர் கதவுல காதை ஒட்டவெச்சபடியே இருக்க, பைனல் முடிஞ்சுது. அவ வாழ்க்கையில முதல் தடவையா கால்பந்து பார்த்தா. கோல் யாரு போட்டான்னு உள்ளேருந்து கெஞ்சினா, "குடுமி வெச்சவன்"ன்னு பதில் வருது. ரெண்டு பக்கமும் குடுமி.

திங்கக்கிழமை தாங்க முடியாம, பசைக்காரருக்கு ஒண்ணுமில்லையாம், டெஸ்ட் தப்பாம்னு குரல் குடுத்தாரு.

"ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சா? சீக்கிரமே பார்த்திருப்பாங்க. அதை நம்பக் கூடாதுங்க. நீங்க வியாழன் வரைக்கும் இருங்க."

அவர் சொன்ன பொய்யும் அவரை விடல, மெய்யும் விடல.

வியாழக்கிழமை காலையில மூக்குல குச்சி விட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினஞ்சு நிமிஷம் காத்திருந்தா. ஒரே கோடு. ஒண்ணுமில்லை. பைண்டர் நெஞ்சை நிமித்திக்கிட்டு வெளிய வந்தாரு. வாசல்ல ஹாரன் சத்தம்.

"என்ன லாரி?"

"தங்கச்சி வீடு மாத்துறதை இன்னிக்குத் தள்ளி வெச்சேன். அவ மாமா நீங்க இல்லாம பீரோ எப்படி ஏறும்?"

லாரியிலேருந்து சட்டைக்கையை மடிச்சுவிட்டுக்கிட்டே குதிச்சாரு பசைக்காரர், குத்துக்கல்லாட்டம். "வாங்கண்ணே. எனக்கு உடம்பு எப்படின்னு அண்ணி சனிக்கிழமையே போன்ல விசாரிச்சாங்க. எனக்கே அப்பதான் தெரியும், எனக்குக் காய்ச்சல்னு."

பைண்டர் சம்சாரத்தைப் பார்த்தாரு. கோவமே வரல. இப்படியொரு மூளையோடயா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம்னு பெருமையாத்தான் இருந்துச்சு.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முட்டைக்குத்தாங்க ஏழு நாள் வேணும். உங்களை வாசல்லயே தெரிஞ்சுது. மாடிப்படியில நீங்க கீழ்ப்பக்கம் பிடிங்க, அங்கதான் கனம் ஜாஸ்தி."